மூன்றாம் நம்பர் பனியனும் மஞ்சள் அட்டையும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாறு. ஆனால் அதைவிட முக்கியமாக எழுத வேண்டிய விஷயம் ஒன்று எனக்கு இருக்கிறது. இவ்வருடம் மாணவர் விளையாட்டுக் குழு, துறைகளுக்கிடையேயான போட்டியின் எச்சரிக்கை, தடை விதிகளை மாற்றி எழுதப் போகிறதாம். "சார், உங்க காலத்து ஆளுங்க ஏதாச்சும் யோசனை சொல்லுங்க" என்று முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1977 ஜனவரி. கல்லூரிகளுக்கிடையேயான போட்டி. நான் கேப்டன். எங்கள் லெஃப்ட் பேக், மூன்றாம் நம்பர் பனியன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான்; எழுபத்தெட்டாம் வருட செட்டுக்கு யாரென்று தெரியும். அந்தப் போட்டியில் ரெஃப்ரி கையில் அட்டை கிடையாது. தவறு செய்தால் கூப்பிட்டு எச்சரிப்பார், நோட்டில் எழுதிக்கொள்வார். இரண்டு எச்சரிக்கை சேர்ந்தால் அடுத்த ஆட்டம் ஆட முடியாது.

காலிறுதியில் அவன் ஒருவனைப் பின்னாலிருந்து தட்டிவிட்டான். விசில். அடிபட்டவனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ரெஃப்ரி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, "கேப்டன், உங்க மூணாம் நம்பரை எழுதிக்கிட்டேன், சொல்லிடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். பந்து மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்புறம் நாங்கள் ஜெயித்தோம், கத்தினோம், மெஸ்ஸுக்குப் போனோம். நான் சொல்லவே இல்லை.

அரையிறுதியில் இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும்போது, ஒரு த்ரோ தங்களுக்குக் கிடைக்கவில்லையென்ற கோபத்தில் அவன் பந்தைக் காலால் ஓங்கி எத்தி மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஆனால் அது இரண்டாவது எச்சரிக்கை. மறுநாள் காலை நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் அவனுக்கே தெரியும். "எனக்கு முதல் வார்னிங்கே யாரும் குடுக்கலடா!" என்று அவன் பி.டி. சாரிடம் போய் நின்றபோது, நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இறுதி ஆட்டம் பார்க்க ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவன் அப்பா, சாதாரணச் சட்டை போட்ட மகனோடு கேலரியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் தோற்றோம்.

அந்த ரெஃப்ரி மேல்தான் எல்லோரும் பழி போட்டோம். அவர் சொன்னார், ஐயா. என்னிடம் சொன்னார். இதை இன்றுதான் எழுதுகிறேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இதே குழப்பம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது பிற்பாடு நான் நடுவர் வேலை பழகி, புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தபோது தெரிந்தது.

1962 உலகக் கோப்பை சிலி நாட்டில் நடந்தது. ஜூன் 2ஆம் தேதி சாண்டியாகோவில் சிலியும் இத்தாலியும் மோதின. ஆட்டம் என்று சொல்வதைவிட அடிதடி என்பதே பொருத்தம். இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன் நடுவர், பள்ளி ஆசிரியர். ஆட்டம் சூடாகும் முன்பே இத்தாலியின் ஃபெர்ரினியை வெளியேறச் சொன்னார். அவர் போக மறுத்தார். போலீஸ் வந்துதான் அழைத்துப் போக வேண்டியிருந்தது. பின்னர் டேவிட் என்ற இன்னொரு இத்தாலியரும் வெளியேற்றப்பட்டார். குத்துச்சண்டை வீரரின் மகனான சிலியின் லியோனல் சான்செஸ் குத்துவிட்டும் களத்திலேயே இருந்தார். சிலி 2-0 என்று வென்றது. எச்சரிக்கை என்பது வெறும் வாய்ச்சொல்லாக இருந்தால், மொழி தெரியாத இருபத்திரண்டு பேரிடம் அது எவ்வளவு தூரம் எடுபடும்? ஆஸ்டனுக்கு இந்த அனுபவம் மறக்கவில்லை போலும்.

நாலு வருடம் கழித்து, 1966 ஜூலை 23, லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் காலிறுதி. நடுவர் மேற்கு ஜெர்மனியின் ருடால்ஃப் கிரைட்லைன். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அர்ஜென்டினாவின் கேப்டன் ரத்தினை அவர் வெளியேற்றியபோது, ரத்தின் நகரவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத்தான் கேட்டேன் என்று பிறகு சொன்னார். பல நிமிடங்கள் ஆட்டம் நின்றது. உலகக் கோப்பை நடுவர்களுக்குப் பொறுப்பாளராக அன்று இருந்தவர் அதே கென் ஆஸ்டன். அவரே இறங்கி வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

ரத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மறுநாள் நடந்தது. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் பாபி, ஜாக் இருவரும் அதே ஆட்டத்தில் எச்சரிக்கப்பட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. ஜாக் சார்ல்டனுக்கு அது செய்தி! தன் பெயர் நோட்டில் ஏறியது உண்மையா என்று உலகக் கால்பந்துச் சம்மேளனத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உலகக் கோப்பையே வாங்கப்போகிற அணியின் ஆட்டக்காரருக்கே இந்த நிலைமை என்றால், எங்கள் மூணாம் நம்பர் எம்மாத்திரம்?

ஆஸ்டன் இதை நினைத்துக்கொண்டே லண்டனில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் வழியாகக் கார் ஓட்டிப் போனாராம். சிக்னல் மாறியது. மஞ்சள் என்றால் பொறு, சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், அவர் மனைவி ஹில்டா சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குக் காகித அட்டைகளை வெட்டிக் கொடுத்தார் என்கிறார்கள். (வீட்டில் ஐடியா கேட்கும் நண்பர்கள் கவனிக்கவும்.)

1970 மே 31 அன்று மெக்சிகோவில், மெக்சிகோவும் சோவியத் யூனியனும் ஆடிய தொடக்க ஆட்டத்திலேயே மஞ்சள் அட்டை வெளியே வந்தது. அந்த உலகக் கோப்பை முழுவதும் சிவப்பு அட்டைக்கு வேலையே வரவில்லை. முதல் சிவப்பு அட்டை வாங்கியவர் சிலியின் கார்லோஸ் காஸெலி. 1974 ஜூன் 14, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக மேற்கு பெர்லினில். துருக்கி நடுவர் டோகன் பாபாஜான் காட்டினார்.

தண்டனை ஒன்றும் புதிதல்ல என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். எச்சரிப்பதும் வெளியேற்றுவதும் முன்னமே விதியில் இருந்தவைதான். ஆஸ்டன் கூட்டியது ஒரே ஒரு விஷயம்: எச்சரிக்கப்பட்டவனுக்கும், எதிரணிக்கும், கேலரிக்கும் ஒரே நேரத்தில் அது தெரிய வேண்டும் என்பது.

வேடிக்கை என்னவென்றால் ஆஸ்டனின் சொந்த நாடே அட்டையைத் தூக்கிப் போட்டது. இங்கிலாந்து லீகில் 1976 அக்டோபரில் அட்டை வந்தது. நடுவர்கள் அதை வைத்துக்கொண்டு ஆர்ப்பாட்டம் பண்ணுகிறார்கள் என்று சொல்லி 1981 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். 1987இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அட்டையை மூக்குக்கு நேரே நீட்டி அவமானப்படுத்துகிற ரெஃப்ரிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அட்டை இருந்தும் காட்டாவிட்டால் என்ன பிரயோசனம்? 1982 ஜூலை 8, செவில்லியில் நடந்த அரையிறுதியில் ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் மோதியதில் பிரான்சின் பாட்டிஸ்டோன் மயங்கி விழுந்தார், பல்லும் போனது. நடுவர் பவுல்கூடக் கொடுக்கவில்லை.

அட்டை வந்ததும் அடுத்த பிரச்சினை வந்தது: கணக்கு. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை என்றால், எத்தனை ஆட்டம் வரை சேர்ப்பது? 1990 அரையிறுதியில் பந்தைக் கையால் தொட்டதற்காக அர்ஜென்டினாவின் கனிஜியா இரண்டாவது மஞ்சள் வாங்கி, இறுதி ஆட்டத்தை இழந்தார். அதே வருடம் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் மஞ்சள் அட்டை பார்த்ததும் இங்கிலாந்தின் காஸ்காய்ன் கண் கலங்கி நின்றதை நம்மில் பலர் டி.வி.யில் பார்த்தோம். 2002இல் ஜெர்மனியின் பாலாக் கதை இன்னும் உருக்கம். தென் கொரியாவுக்கு எதிரான அரையிறுதியில் எதிரியின் பாய்ச்சலைத் தடுக்கப் பவுல் செய்து மஞ்சள் வாங்கினார். இறுதி ஆட்டம் போயிற்று என்று தெரிந்தும், சில நிமிடங்களிலேயே வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். ஜூன் 30ஆம் தேதி பிரேசிலோடு நடந்த இறுதியில் அவர் இல்லை. எனக்கு அன்று டி.வி.யில் தெரிந்தது பாலாக் அல்ல.

2010 உலகக் கோப்பையில் விதியைத் திருத்தினார்கள். காலிறுதி முடிந்ததும் ஒற்றை மஞ்சள்கள் அழிக்கப்பட்டன. அரையிறுதியில் நேராகவோ இரண்டு மஞ்சள் சேர்ந்தோ சிவப்பு வாங்கினால் மட்டுமே இறுதி ஆட்டம் போகும். நல்ல திருத்தம். ஆனால் எங்கே கோடு போட்டாலும் அந்தக் கோட்டில் ஒருவன் மாட்டத்தான் செய்கிறான். அதே 2010இல் ஜெர்மனியின் தாமஸ் முல்லர் காலிறுதியில் இரண்டாவது மஞ்சள் வாங்கி அரையிறுதியை இழந்தார்.

எழுதுகிறவனும் மனிதன்தான் என்பதற்கு 2006 ஜூன் 22. குரோஷியா, ஆஸ்திரேலியா ஆட்டத்தில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகே வெளியேற்றினார். சிமுனிச் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பேச்சும் ஆஸ்திரேலியப் பேச்சு. அவர் நம்பர் 3. நடுவர் ஒரு மஞ்சளை ஆஸ்திரேலியாவின் 3ஆம் நம்பர் பேரில் எழுதிவிட்டார். மூணாம் நம்பருக்கு என்ன ராசியோ!

மஞ்சள் அட்டை ஒரு நாட்டையே வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளியிலும் கோலிலும் சமம், தங்களுக்குள் ஆடியதும் 2-2. மஞ்சள் அட்டையை எண்ணினார்கள்: ஜப்பான் 4, செனகல் 6. செனகல் வெளியே. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஜப்பான்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்தும் பவுல் வாங்காமல் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டிருந்ததை ரசிகர்கள் ஊளையிட்டார்கள். ஒழுக்கத்துக்காக வைத்த விதி ஆட்டத்தையே நிறுத்தி வைத்தது.

தண்டனையைக் குறைத்த திருத்தமும் உண்டு. கோல் வாய்ப்பைப் பெனால்டி கட்டத்துக்குள் தடுத்தால் பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத் தடை என்று ஒரே தவறுக்கு மூன்று அடி விழுந்தது. பந்தை ஆட முயன்றுதான் தவறினான் என்றால் பெனால்டியோடு மஞ்சள் போதும் என்று 2016இல் மாற்றினார்கள்.

இப்போது மாணவர் குழு அனுப்பிய பழைய விதியைப் பார்க்கிறேன். எச்சரிக்கையை அணித் தலைவரிடம் தெரிவித்தால் போதுமானது என்று இன்னும் இருக்கிறது! தம்பிகளே, அந்த வரியை முதலில் அடியுங்கள். அட்டையை ஆட்டக்காரன் முகம் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த பத்து நிமிடத்தில் நோட்டை மேஜையில் விரித்து வைத்து, பெயர் ஏறியவனே கையெழுத்துப் போடட்டும். போட மறுத்தால் மறுத்தான் என்று எழுதுங்கள். அரையிறுதிக்கு முன்னால் ஒற்றை மஞ்சளை அழித்துவிடுங்கள். ஐந்து ஆட்டப் போட்டிக்கு அதற்கு மேல் கணக்கு வேண்டாம். சிவப்பு வாங்கியவனை அந்த வருடம் முழுக்க எந்த விளையாட்டிலும் ஆடவிடக் கூடாது என்றொரு விதி வைத்திருக்கிறீர்கள். கால்பந்தில் கோபப்பட்டவன் ரிலே ஓட்டத்தில் என்ன செய்துவிடுவான்? ஓர் ஆட்டம் வெளியே இருக்கட்டும். அடிதடி என்றால் அவனைக் கூப்பிட்டு விசாரித்து, அவன் சொல்வதையும் எழுதிக்கொண்டு பிறகு தடையைக் கூட்டுங்கள்.

மாப்ளே, நீ திருநெல்வேலியிலிருந்து வருவதாகச் சங்கச் செயலாளர் சொன்னார். போனிலேயே சொல்லியிருக்கலாம், இரண்டு தரம் நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு ரெஃப்ரி சொன்னார்டா. காலிறுதியில், முதல் பாதியில், நம்ம கோல் பக்கம். உன் அப்பா காலமான செய்தி வந்தபோதும் நான் வந்தேன், அப்போதும் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மாணவர் ஆட்டத்துக்கு என்னை ரெஃப்ரியாகப் போட்டிருக்கிறார்கள். ஏழு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன்.