வீடு தேடிச் சென்ற வைத்தியம்

நம் பல்லாவரத்திற்குத் தெற்கே இரண்டாவது ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளருக்கெனத் தோற்றுவித்த மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். தூய காற்று, ஓய்வு, ஊட்ட உணவு. இவையே நோய்க்கு மாற்றென்று உலகம் நம்பிய காலம் அது. படுக்கைகளோ சில, நோயாளரோ பல்லாயிரவர். ஏழை எங்கே போவான்?

விடை கண்டது சென்னை. 1956-இல் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளர் இரு பிரிவாயினர். ஒரு சாரார் சானடோரியத்திலும் மறுசாரார் தம் சிறு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. நல்லுணவும் ஓய்வும் குறைந்த வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு நலமுற்றனர்! உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

காத்தது மருந்து மட்டுமா? மருந்து தானே வாய்க்குள் சென்றுவிடுமா? தொற்றிவிடும் என்றஞ்சி உற்றாரும் ஒதுங்கிய வாசற்படியை மிதித்து, மாத்திரையை எண்ணிப் பார்த்து, மறந்தவனுக்கு நினைவூட்டி, சோர்ந்தவனைத் தேற்றிய செவிலியரும் சுகாதாரப் பார்வையாளருமன்றோ காத்தனர்!

செவிலியர் பணியை எடுபிடி வேலையென்று இகழ்வோர் இவ்வரலாற்றைப் படிக்கட்டும். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண் "நான் செவிலியாவேன்" என்றால், முகஞ்சுளியாது வாழ்த்துவோம். அது அருளுள்ளம் மட்டும் செய்யும் தொண்டன்று; அறிவும் சேர்ந்து செய்யும் தொண்டு.