ஒரு பிரதி, பல வாசகர்: தமிழ் நாளிதழின் வரவு செலவு

தமிழ் நாளிதழ்களின் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாறாகவும், விடுதலைப் போராட்டத்தின் கிளைக்கதையாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இதழைப் படித்தவர் யார், அதற்குக் காசு கொடுத்தவர் யார் என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான், ஓர் இதழ் அந்த நடையிலும் அந்த விலையிலும் வந்ததற்கான காரணம் விளங்கும்.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார இதழாகத் தொடங்கி 1899-இல் நாளிதழாக்கிய 'சுதேசமித்திரன்', அக்கால இதழ்கள் பலவற்றையும் போலச் சந்தாவை, அதாவது ஆண்டுக்கோ அரையாண்டுக்கோ மொத்தமாகக் கட்டும் தொகையை, பெரிதும் நம்பியிருந்தது. அத்தொகையைக் கட்ட இயன்ற வக்கீல்களும் மிராசுதார்களும் அரசு அலுவலர்களுமே அதன் முதன்மை வாசகர்களாக இருந்ததால், ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தழுவிய, வடசொல் மிகுந்த நடை அவர்களுக்கு இடராகத் தோன்றவில்லை. 1904-இல் அங்குப் பணியில் சேர்ந்த பாரதியாருக்கு வாய்த்ததும் பெருமளவு மொழிபெயர்ப்பு வேலையே. தபாலில் சென்ற இதழை வாங்கிப் படித்தவர்கள் எல்லாரும் பணம் அனுப்பிவிடவில்லை. சந்தா பாக்கியைச் செலுத்துமாறு வாசகர்களை வேண்டும் அறிவிப்புகள் அக்காலத் தமிழ் இதழ்களில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

1934-இல் 'தினமணி' வாசகர் வட்டத்தை விரித்தது. எனினும் பெரிய உடைப்பு, போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, 1942-இல் மதுரையில் நிகழ்ந்தது. பாரிஸ்டர் பட்டம் பெற்றவரான சி. பா. ஆதித்தனார் அங்குத் தொடங்கிய 'தந்தி', எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் வாசகராகக் கொண்டு, சிறு வாக்கியங்களிலும் பேச்சுக்கு நெருங்கிய சொற்களிலும் செய்தி தந்தது. இம்மாற்றத்தை வெறும் நடை மாற்றமாகக் கருதுவது பிழை. வருவாய் வரும் வழியே அதனுடன் மாறியது. முன்பணம் கட்டி, தினமும் இத்தனை பிரதி என்று எடுத்து விற்கும் ஊர் ஏஜென்டுகளின் கைகளில் சேர்ந்த சில்லறையே இத்தகைய இதழ்களின் உயிர்நாடியாயிற்று. வாசகர் ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுத்து வாங்கவேண்டியிருந்தமையால், கடை முகப்பில் தொங்கிய தலைப்புச் செய்திச் சுவரொட்டிக்கு ஒரு தலையங்கத்தைவிட மிகுந்த பொறுப்பு ஏற்பட்டது.

அச்சில்லறையைத் தந்தவர்களுள் டீக்கடைக்காரர் தனித்துக் குறிக்கத்தக்கவர். ஒரே பிரதி தாள் தாளாகப் பிரிக்கப்பட்டு, முதற்பக்கம் ஒரு பெஞ்சிலும் உட்பக்கம் இன்னொரு பெஞ்சிலுமாகக் கைமாறும். ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்பர். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே எழுத்தறிவு பெற்றிருந்தார் என்பதை நினைத்தால், கேட்டவர்களை வாசகர் கணக்கிலிருந்து நீக்குவது நியாயமாகாது. ஆனால் 1948-இல் அமைந்த 'ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ்', விளம்பரதாரர் நம்பத்தக்க கணக்காக, விற்ற பிரதிகளையே தணிக்கை செய்து சான்றளித்தது. பிரதி ஒன்றைப் பலர் படிப்பதைக் கணிக்கும் வாசகர் ஆய்வுகள் பின்னாளில் வந்தபோதும், பொருள் வாங்கும் வசதியுள்ள நகரத்தாரையே விளம்பரம் நாடியதால், டீக்கடைக் கூட்டம் இதழுக்குச் செல்வாக்கைத் தந்த அளவுக்கு விளம்பர வருவாயைத் தரவில்லை.

விலை, பக்கம், விளம்பரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதைச் சட்டமும் ஒருமுறை ஆராய நேர்ந்தது. இன்ன விலைக்கு இத்தனை பக்கங்களே இருக்கலாம் என்று வரையறுத்த 1960-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து, பூனாவின் மராத்தி நாளிதழான 'சகால்' தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1961-இல் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. விளம்பரத்துக்கான இடம் குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் விற்பனை சரியும், அச்சரிவு கருத்துரிமையையே தாக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய இதழியலின் பொருளாதாரத்தை இத்தனை தெளிவாக விளக்கிய ஆவணங்கள் அரிது.

வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் பெயர்ந்தபின், அச்சு இதழ் நெடுங்காலம் நம்பியிருந்த வருவாயில் ஒரு பகுதி கரைந்தது. கைப்பேசியில் செய்தி படிப்பவருக்காக விலை கொடுக்கும் டீக்கடைக்காரர் இன்று இல்லை. அவருக்கோ அன்று அது முழுச் செலவாகவும் இருந்ததில்லை: படித்துக் கசங்கிய தாள்களில் சில வடை மடிக்கப் பயன்பட்டன, எஞ்சியவை பழைய பேப்பர் கடைத் தராசில் எடையாகிக் காசாயின.