மடிப்பைத் தாண்டும் வரி

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பரின் பதினாறு வரிக் கவிதை ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. பதினான்கு வரிகள் வலப்பக்கத்தில். மீதி இரண்டு, தாளைத் திருப்பினால், சந்தா அறிவிப்பு ஒன்றின் தலைமேல். நண்பர் குறைப்பட்டுக்கொண்டதற்கு ஆசிரியர், 'வரி ஒன்றும் விடுபட்டுப் போகவில்லையே' என்றாராம். கவிதை என்பது சொற்களின் தொடர். அது எங்கே முறிகிறது, எங்கே போய் விழுகிறது என்பதெல்லாம் அச்சகத்தின் காரியம் என்ற ஒரு இலக்கியக் கொள்கை இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டவர்கள்தாம். குறியீட்டுவாதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மல்லார்மே பெயரைச் சொல்கிறவர்களும் விலக்கல்ல. அந்த மல்லார்மே தன் கடைசிக் காலத்தில் பிடிவாதமாக மறுத்தது இதே கொள்கையைத்தான்.

'ஒரு பகடை வீச்சு ஒருபோதும் தற்செயலை ஒழிக்காது' என்ற அவரது கவிதை 1897 மே மாதம் 'காஸ்மோபொலிஸ்' என்ற பத்திரிகையில் வந்தது. தலைப்பாக உள்ள வாக்கியமே கவிதையின் முதுகெலும்பு. அது பெரிய எழுத்துகளில் துண்டு துண்டாகப் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனிடையே சிறிய எழுத்துகளில், சாய்வெழுத்துகளில், துணை வாக்கியங்கள் கிளைத்துப் போகின்றன. எந்த எழுத்தின் அளவு எது என்பதைக் கொண்டே எந்த இழையைப் பின்பற்றுகிறோம் என்று வாசகன் அறிகிறான். சுற்றிலும் வெள்ளை. பத்திரிகை கேட்டதன் பேரில் மல்லார்மே ஒரு முன்குறிப்பும் எழுதினார். முதல் வேலையாக அதைப் படிக்க வேண்டாம், படித்தாலும் மறந்துவிடுங்கள் என்று அதிலேயே சொல்லிவிட்டார். விமர்சகர்கள் வழக்கம்போல அதை மட்டும் மறக்கவில்லை.

அந்தக் குறிப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வெற்றிடம் புதிதல்ல என்கிறார். சாதாரணக் கவிதையும் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே அடைத்துக்கொண்டு, மீதியை மௌனத்துக்கு விடுகிறது. அந்த அளவை நான் மீறவில்லை, கலைத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். மற்றது, ஒரு பத்திரிகை எவ்வளவு தைரியமுள்ளதானாலும் அதில் வழக்கத்துக்கு மிகவும் விரோதமாக நடந்துகொள்ள முடியாது என்று ஒப்புக்கொள்வது. இது வெறும் அடக்கம் என்று முன்பு நினைத்திருந்தேன். அல்ல. 'காஸ்மோபொலிஸ்' அவருக்குக் கொடுத்தது ஒற்றைப் பக்கங்கள். அவருக்கு வேண்டியிருந்ததோ விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களும் சேர்ந்த ஒரே பரப்பு.

இந்த வித்தியாசம் அற்பமானதல்ல. ஒரு வரி இடப்பக்கத்தில் தொடங்கி, தைத்த மடிப்பைத் தாண்டி வலப்பக்கத்தில் இறங்க வேண்டும். வாசகனுக்கு இது ஒரே வரி. அச்சுக் கோப்பவருக்கு இது இரண்டு பக்கங்களில் உள்ள இரண்டு அரை வரிகள். அச்சேறும் முழுத்தாளில், புத்தகத்தில் எதிரெதிரே வரும் பக்கங்கள் பெரும்பாலும் அக்கம்பக்கமாக இருப்பதில்லை. தாளை மடித்துத் தைத்த பிறகே அவை சந்திக்கின்றன. மடிப்பு ஒரு நூலிழை பிசகினால் வரி உடைந்துபோகும். இந்த ஆபத்து தெரிந்தேதான் மல்லார்மே அதைக் கேட்டார். வியாபாரி அம்ப்ருவாஸ் வொல்லார், ஒடிலோன் ரெதோனின் லித்தோ சித்திரங்களோடு ஒரு ஆடம்பரப் பதிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1897-ல் ஃபிர்மான்-திதோ அச்சகத்திலிருந்து புரூஃப்கள் வந்தன. கவிஞர் அவற்றைத் திருத்தினார். சொல்லைத் திருத்துவது போலவே இடத்தையும் திருத்தினார்.

புத்தகம் வரவில்லை. 1898 செப்டம்பர் 9-ந் தேதி மல்லார்மே இறந்தார். மருமகன் எட்மோன் பொன்னியோவின் முயற்சியில் 1914-ல்தான் நூல் வெளிவந்தது. இரட்டைப் பக்கம் அப்போது கிடைத்துவிட்டது. ஆனால் எழுத்துரு வேறு, நூலின் அளவும் வேறு. புரூஃப்களை ஆதாரமாகக் கொண்டு மித்சு ரோனா ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது 1980-ல். ஆக, பதினேழு வருஷங்கள் உலகம் படித்தது பக்கத்தால் தவறிய ஒரு கவிதையை. அதற்குப் பிறகு அறுபத்தாறு வருஷங்கள், பாதி சரியானதை. இத்தனைக்கும் ஒரு சொல்கூட விடுபடவில்லை.

பெல்ஜியக் கலைஞர் மார்செல் ப்ரோதார்ஸ் 1969-ல் இதற்கு மறுதலையான ஒன்றைச் செய்தார். 1914 பதிப்பை எடுத்து, ஒவ்வொரு வரியின்மேலும் அதன் நீளத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டார். அட்டையில் 'கவிதை' என்றிருந்த இடத்தில் 'பிம்பம்' என்று மாற்றினார். சொற்கள் முழுதும் போய்விட்டன. ஆனாலும் பார்த்தவுடன் இது மல்லார்மே என்று தெரிகிறது. மொழிபெயர்ப்பில் இந்தக் கவிதையைப் பத்தி பத்தியாக அச்சிடுகிறவர்கள் பாதுகாப்பதைவிடக் கூடுதலாகவே ப்ரோதார்ஸ் பாதுகாத்திருக்கிறார் என்பேன்.

இன்று நமது பத்திரிகைகள் கணிப்பொறியில் பக்கம் கட்டப்படுவதால் இதெல்லாம் தீர்ந்த பிரச்னை என்று ஒருவர் சொல்லலாம். 1977-ல் டொனால்ட் கனூத், தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த புரூஃப்களின் அவலட்சணம் பொறுக்காமல், தானே ஒரு அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுதான் 'டெக்'. பத்தியின் முதல் வரி பக்கத்தின் அடியில் தனித்து நிற்கக்கூடாது, கடைசி வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனித்து விழக்கூடாது என்று அச்சுக் கோப்பவர்கள் கைப்பழக்கமாக வைத்திருந்த விதிகளை அவர் அபராதப் புள்ளிகளாக்கினார். தனித்த வரிக்கு வழக்கமாக 150. 10000 என்றால் அங்கே பக்கத்தை ஒருபோதும் முறிக்காதே. கழித்தல் 10000 என்றால் கட்டாயம் முறி. வரிகளைப் பிரிக்கும்போது ஒரு பத்தி முழுவதையும் பார்த்து முடிவெடுக்கும் இந்த நிரல், பக்கங்களைப் பிரிக்கும்போது அப்படிச் செய்வதில்லை. பல பக்கங்களை ஒரே சமயத்தில் நினைவில் வைக்க அன்றைய இயந்திரங்களில் இடமில்லை. அவருடைய மாணவர் மைக்கேல் ப்ளாஸ் 1981-ல், படங்களையும் சேர்த்து மிகச் சிறந்த பக்கப் பிரிப்பைத் தேடுவது, சில அளவுகோல்களின்படி, கணிப்பொறிக்கும் எளிதில் எட்டாதது என்று நிரூபித்தார்.

ஆகவே டெக் ஒரு பக்கத்தை முடிக்கிறது, வெளியே அனுப்புகிறது, மறந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருப்பதை அது தானாக அறிவதில்லை. 'காஸ்மோபொலிஸ்' மாதிரியே அதற்கும் ஒற்றைப் பக்கம்தான். மல்லார்மேயை அதில் அச்சிட விரும்புகிறவர், மடிப்பைத் தாண்டும் வரியை நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளும் ஒரே உயரத்தில் நிற்கும்படி இரண்டு பக்கங்களிலும் தாமேதான் அளந்து வைக்க வேண்டும்.