விழித்திரை என்னும் பிரதி

இலஞ்சியில் ஒரு முகாமில் அம்மாவின் சர்க்கரைக் கண்ணைப் படம்பிடித்தார்கள். ‘எய்யா, இந்தப் படத்த யாரு படிப்பா?’ என்று கேட்டாள். கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்கள் வழியே கிராமத்துக் கண்களைத் தேடிப் போனது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள், சர்க்கரையால் விழித்திரை கெடுவதைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவை முன்வைத்தார்கள். அது 1,28,175 படங்களைப் பார்த்துக் கற்றது. அமெரிக்கப் படங்களோடு அரவிந்த் உட்பட மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் அடக்கம். அவற்றுக்குப் பொருள் குறித்தவர்களோ அமெரிக்கக் கண் மருத்துவர்களும் மூத்த பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேர். பிரதி நம் உடம்பு. வாசிக்கும் அதிகாரம் அங்கே. 2019இல் அந்த வாசிப்பு மதுரை நோயாளிகளிடமே திரும்பி வந்தது.

மிஷின் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் இல்லாத ஊரில் நர்ஸம்மாவே படமெடுத்து, பார்வை போகுமுன் எச்சரிக்க முடியுமென்றால் நல்லதுதான். ஆனால் ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்பதோடு அதன் பேச்சு முடிகிறது. திருநெல்வேலிக்குப் பஸ் காசு, போகும் ஒருநாள் கூலி, துணைக்கு ஓர் ஆள் இவையெல்லாம் விழித்திரையில் பதிவதில்லை. ஆரம்ப சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் மக்களுக்கும் உரிமை உண்டென்று 1978இல் அல்மா அட்டா பிரகடனம் சொன்னது. படம் கொடுத்த அம்மாவை அந்தத் திட்டம் பேச இன்னும் யாரும் கூப்பிடவில்லை.