பூனாவில் பூத்த மன்றம்

பூனா நகரம்; ஆண்டு 1848. வீதியிலே திருமண ஊர்வலம் ஒன்று வருகிறது. மணமகன் பார்ப்பன இளைஞர். நண்பரின் அழைப்பை ஏற்று, மற்றவரோடு மற்றவராக நடந்து வருகிறார், இருபது வயதைத் தாண்டிய மாலி வகுப்பு இளைஞர் ஒருவர். பூப்பயிரிட்டு, மாலை தொடுத்து வாழ்ந்த குடும்பம் அவருடையது. ஊர்வலத்திலே வந்த வைதீகர் சிலர் அவரை இன்னாரென்று கண்டுகொள்கின்றனர். சூத்திரன் நம்மோடு சரிசமமாக நடப்பதா என்று சீறுகின்றனர், ஏசுகின்றனர், விரட்டுகின்றனர்.

அழைத்தது நட்பு, துரத்தியது சாதி! அன்று தலைகுனிந்து வீடு திரும்பிய அந்த இளைஞரே, பின்னாளில் மராட்டிய மண்ணிலே மனிதர் தலைநிமிர வழிகண்ட ஜோதிராவ் புலே.

பேஷ்வாக்களின் ஆட்சி 1818இலேயே ஒழிந்துவிட்டது. அரியணை சாய்ந்தது, ஆசாரம் சாயவில்லை. கொடி மாறியது, குடிமக்களின் நிலை மாறவில்லை. பிறந்தவுடன் சாதகம் கணிக்கப் புரோகிதர், மணம் முடிக்கப் புரோகிதர், மாண்டபின் திதி கொடுக்கப் புரோகிதர் என்று, உழவன் வாழ்வின் ஒவ்வொரு படியிலும் ஒரு சுங்கச்சாவடி! கட்டணம் செலுத்தியவனுக்கோ, தான் எதற்காகச் செலுத்துகிறோம் என்று படித்தறியும் உரிமை இல்லை.

நோயின் வேர் கல்லாமையிலே இருப்பதைப் புலே கண்டார். அவ்வாண்டிலேயே பெண்களுக்கென ஒரு பள்ளி திறந்தார். கற்பிக்க ஆசிரியை வேண்டுமே! தம் துணைவியார் சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து, அவரை ஆசிரியையாக்கினார். பள்ளிக்குச் செல்லும் வழியிலே அந்த அம்மையார்மீது சாணமும் சேறும் வீசப்பட்டன. மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துச் சென்று, பள்ளியிலே உடுத்திப் பாடம் நடத்தினார் அவர். சமூகத்தின் அச்சுறுத்தலுக்கு அஞ்சிய தந்தை, மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். ஆயினும் பள்ளிகள் பெருகின. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட மகர், மாங் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கல்விக்கூடம் எழுந்தது.

இங்கே ஒன்றை மறைத்தல் கூடாது. அந்த முதற்பள்ளி நடந்த வீடு பிடே என்னும் பார்ப்பனருடையது. புலேயின் பணிக்குத் துணைநின்ற பார்ப்பன நண்பர்களும் உண்டு. 1863இல் அவர் அமைத்த காப்பகமோ, கருவுற்ற பார்ப்பன விதவைகள் பழிக்கஞ்சித் தம் குழந்தைகளைக் கொல்லாதிருக்க எழுந்த இல்லம்! அங்கே பிறந்த பிள்ளையைத்தான் புலே தம்பதியர் தம் மகனாக ஏற்று வளர்த்தனர். அவர் பகைத்தது ஆதிக்கத்தை, ஆட்களை அல்ல.

பள்ளி, காப்பகம், 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்ட துணிவு—இவ்வளவும் செய்தபின், அவரை நல்லவர் என்று நாடு போற்றியிருக்கும். வள்ளல் என்று வாழ்த்தியிருக்கும். ஆனால் வள்ளல் மறைந்தால் வாசல் அடைபடும். தனி மனிதரின் அருளாலே நடக்கும் சீர்திருத்தம், அவர் மூச்சோடு முடிந்துவிடுமன்றோ? இருபத்தைந்து ஆண்டுப் பணிக்குப் பிறகு புலே மேற்கொண்ட முடிவுதான் அவரைத் தலைவராக்கியது.

1873, செப்டம்பர் 24. பூனாவிலே ஏறத்தாழ அறுபது பேர் கூடினர். சத்திய சோதக் சமாஜம்—உண்மை தேடுவோர் சங்கம்—பிறந்தது. சாதி எதுவாயினும், சமயம் எதுவாயினும் உறுப்பினராகலாம். மக்கள் அனைவரும் ஒரு நிகர். வழிபாட்டுக்கோ சடங்குக்கோ இடையிலே தரகர் தேவையில்லை. பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், படிக்கவைக்க வேண்டும். சங்கத்தின் சாரம் இவ்வளவே.

பகுத்தறிவு இளைஞர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். புலே கடவுளை மறுத்தாரல்லர். படைத்தவன் ஒருவன் உண்டென்றே நம்பினார். மறைக்க வேண்டியதில்லை. அவர் நின்ற இடம் அது. நாம் நடந்துவந்த தொலைவு இது. ஆனால், பக்தனுக்கும் கடவுளுக்கும் நடுவே நந்தியாக நின்றவரை நகரச் சொன்ன நெஞ்சுரம், அந்தக் காலத்திலே எளிதில் வருவதா?

கொள்கை ஏட்டிலே கிடந்தால் சுவைக்கும். வீட்டிலே நுழைந்தால்தான் சுடும். சங்கம் வீட்டுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், புரோகிதரின்றி ஒரு திருமணம் நடந்தது. மணமக்கள் ஒருவருக்கொருவர் உறுதிமொழி கூறினர். பொருள் புரியாத மந்திரத்தின் இடத்திலே, பொருள் புரியும் மராத்தி மொழி ஒலித்தது. எதிர்ப்பு மூண்டது, அடுத்து நடந்த மணத்துக்குக் காவலர் துணையும் தேவைப்பட்டது. ஆயினும் பூனாவிலே நடந்தது சிற்றூர்களிலும் பரவியது.

தோழர்களே, இங்கேதான் நாம் கருத்தூன்றிப் பார்த்தல் வேண்டும். புரோகிதரை விலக்கிய இடத்திலே, தம்மைப் புதிய புரோகிதராகப் புலே அமர்த்திக்கொள்ளவில்லை. திருமணம் நடத்தும் முறையை நூலாக அச்சிட்டுத் தந்தார். எழுத்தறிந்த எவரும் எந்த ஊரிலும் நடத்தலாம். பார்ப்பனரும் வேண்டாம், புலேயும் வர வேண்டாம்! தாம் இல்லாமலே நடக்கும்படி தம் பணியை அமைத்தவர் அவர்.

1876இல் சங்கத்தின் உறுப்பினர் தொகை 316. கடல்போன்ற மராட்டியத்திலே இஃது ஒரு துளி. ஆனால் அந்தத் துளியிலிருந்து கிளைத்த ஆறுகளைப் பாருங்கள்! 1877இல் பாலேகர் என்னும் தோழர் ‘தீனபந்து’ ஏட்டைத் தொடங்கினார். 1880இல் அதன் பொறுப்பை ஏற்ற நாராயண் மேகாஜி லோகாண்டே, பம்பாய் ஆலைத் தொழிலாளரிடையே சென்றார். 1884இல் அவர்களுக்கோர் அமைப்புக் கண்டார். ஞாயிறுதோறும் ஓய்வு என்னும் உரிமையை 1890இல் ஆலைத் தொழிலாளர் பெற்றனர். விதவையரின் தலையை மழிக்க மாட்டோம் என்று நாவிதத் தோழர்கள் கத்தியைக் கீழே வைத்ததும் லோகாண்டேயின் முயற்சியால்தான். இவற்றையெல்லாம் புலே ஒருவரே செய்திருக்க இயலுமா? ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைச் சேர்த்திருந்தால், ஒரு புலேதான் இருந்திருப்பார். ஒரு நோக்கத்தைத் தமதாக்கிக்கொண்ட மன்றத்தைச் சேர்த்ததால், பலர் எழுந்தனர்.

1888இல் பம்பாயிலே மக்கள் கூடி அவருக்கு ‘மகாத்மா’ என்ற பட்டம் அளித்தனர். அவ்வாண்டே வாதநோய் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதி இறுதி நூலை முடித்தார். 1890, நவம்பர் 28ஆம் நாள் கண் மூடினார்.

இறுதி ஊர்வலம் புறப்படுகிறது. கொள்ளிச்சட்டி ஏந்துபவர் யார்? வளர்ப்பு மகனுக்கு உரிமை இல்லையென்று உறவினர் வழக்காடுகின்றனர். சட்டியைக் கையிலெடுத்து முன்னே நடந்தார் சாவித்திரிபாய்! சாணத்துக்கு அஞ்சாத அம்மையார், சாத்திரத்துக்கு அஞ்சுவாரா? சங்கத்தையும் அவரே ஏந்தினார். 1893இல் சாஸ்வடு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1897இல் கொள்ளைநோய் கண்டோருக்குத் தொண்டு செய்து, அந்நோய்க்கே இரையானார்.

அதன்பின் சங்கம் தளர்ந்ததுண்டு. ஆனால் அணையவில்லை. 1911இல் சாகு மகாராஜாவின் ஆதரவோடு கோலாப்பூரிலே அது மீண்டும் தழைத்தது. 1946இல் டாக்டர் அம்பேத்கர், சூத்திரர் யார் என்று ஆராய்ந்த தம் நூலைப் புலேக்குப் படைத்தார்.

நம் நாட்டிலும் 1928 முதல் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. சட்டம் ஏற்காத நாளிலும் ஊர்தோறும் தோழர்கள் நடத்தினர். இழிமொழி கேட்டும் நடத்தினர். 1967இல் அண்ணாவின் அரசு சட்டமியற்றியது. ஊர்தோறும் மன்றம் இருந்ததாலன்றோ, சட்டம் பிறக்கும்வரை அந்த மணமுறை உயிரோடிருந்தது?

தலைவராக விரும்பும் இளைஞனே! உனக்கு மாலையிடுவோர் எத்தனை பேர் என்று எண்ணாதே. நீ ஒரு மாதம் ஊரில் இல்லாவிடில், உன் படிப்பகத்தைத் திறப்பவர் உண்டா? இரவுப்பள்ளியில் பாடம் சொல்பவர் உண்டா? சாதி மறுத்து மணக்க வரும் இணையரை வரவேற்க, உன் இடத்திலே ஒருவர் நிற்பாரா? இல்லையெனில், இன்று மாலையே நால்வரை அழைத்து அமரச் செய். சாவியை அவர்களிடம் கொடு.