உடைக்கும் தளத்துக்குப் போக மறுத்த கப்பல்

போர்க்கப்பல் என்றதும் உங்களில் பலருக்கு பிஸ்மார்க்கும் யமாட்டோவும் நினைவுக்கு வரும். இரண்டுமே சில ஆண்டுகளுக்குள் கடலுக்கடியில் போனவை. முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு கப்பலைப் பற்றி இந்த இதழில் படியுங்கள்: பிரிட்டனின் 'வார்ஸ்பைட்'.

1915-ல் கடற்படையில் சேர்ந்தது. 15 அங்குல பீரங்கிகள் எட்டு. ஒரு குண்டின் எடை சுமார் 870 கிலோ. நம் பார்க்கிங்கில் நிற்கும் சின்னக் கார் ஒன்றை எடுத்து வீசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு, மே 31 அன்று ஜட்லண்ட் சண்டை. நடுவில் சுக்கான் சிக்கிக்கொண்டது. நின்றால் ஜெர்மானியர்களுக்குச் சுலபமான இலக்கு. அதனால் வேகத்தைக் குறைக்காமல் இரண்டு முறை வட்டமடித்தது. எதிரிகளின் பீரங்கிகள் எல்லாம் இதன் பக்கம் திரும்பவே, அருகில் அடிபட்டுக் கிடந்த 'வாரியர்' விலகித் தப்பியது. அந்தக் கப்பல் மறுநாள் மூழ்கினாலும் அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வார்ஸ்பைட்டில் 14 பேர் இறந்தார்கள். சுக்கான் கோளாறு மட்டும் பிறகும் அவ்வப்போது தலைகாட்டியது. தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கட்டும் நமக்கு இது புரியாததல்ல!

இரண்டாம் உலகப்போரில் நார்வே, பிறகு மத்தியதரைக் கடல். 1940 ஜூலையில் சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் ஓடிக்கொண்டிருந்த இத்தாலியக் கப்பலை அடித்தது. 1941-ல் கிரீட் அருகே குண்டுபட்டு, அமெரிக்காவில் பழுது பார்க்கப்பட்டு, 1942-ல் நம் பக்கம் வந்தது. இந்தியப் பெருங்கடலில் கிழக்குக் கடற்படையின் தலைமைக் கப்பல் இதுதான். அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. வார்ஸ்பைட் அவர்கள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உண்மையான அடி 1943 செப்டம்பர் 16 அன்று, இத்தாலியின் சலெர்னோ கரையருகே விழுந்தது. ஜெர்மானிய விமானம் போட்டது சாதாரண குண்டல்ல. ரேடியோ மூலம் திசை திருப்பக்கூடியது. தளங்களைத் துளைத்துக்கொண்டு போய் அடிப்பாகத்தையே பிளந்தது. கப்பலை மால்டாவுக்கு இழுத்துப் போனார்கள். பிரிட்டனில் அந்த ஓட்டையைக் கான்கிரீட் வைத்து அடைத்தார்கள். ஒரு கொதிகலன் அறையும் இரண்டு பீரங்கிகளும் சரிசெய்யப்படவே இல்லை. அப்படியே 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக்கு அனுப்பினார்கள். மீதி ஆறு பீரங்கிகளால் சுட்டது. ஒரு வாரத்தில் கண்ணிவெடியில் சிக்கியது. அதன் பிறகும் நவம்பரில் ஹாலந்துக் கரையில் சுட்டது.

போர் முடிந்ததும் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். அமெரிக்கர்கள் 'டெக்சாஸ்', 'மிசௌரி' உட்படப் பல போர்க்கப்பல்களை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் இந்த வகையில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. போருக்குப் பின் கையில் பணமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

1947 ஏப்ரலில் உடைக்கும் தளத்துக்கு இழுத்துப் போகும்போது புயலில் கயிறு அறுந்தது. கார்ன்வால் கரைப் பாறைகளில் ஏறி நின்றுவிட்டது. உள்ளே இருந்த 8 பேரை உயிர்காப்புப் படகு மீட்டது. கப்பலை மறுபடி மிதக்கவைக்க 1950 வரை ஆனது. அப்போதும் அது தளத்துக்குப் போகவில்லை. அதே விரிகுடாவில் கரையேற்றி, அங்கேயே துண்டு துண்டாக வெட்டினார்கள். அதற்கும் பல ஆண்டுகள் பிடித்தன.