அறநிதிக்காக மராத்தான் ஓடுவோருக்கு: நன்கொடைக் கணக்கு வேறு, கடிகாரக் கணக்கு வேறு

ஆண்டு இறுதி நெருங்க நெருங்க பாயான் லெப்பாஸ், பாயான் பாரு வட்டாரத்தில் பொழுது விடியும் முன்பே ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். குவீன்ஸ்பே கடலோரப் பாதை அவர்களுக்குப் பிடித்த இடம். பினாங்குப் பால அனைத்துலக மராத்தானுக்குத்தான் இந்தத் தயாரிப்பு. இவர்களில் சிலருக்கு மனத்தில் இரண்டு கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று, ஓர் இல்லத்துக்கோ நோயாளிகள் சங்கத்துக்கோ பணம் திரட்டித் தருவது. மற்றொன்று, சென்ற முறை எடுத்த நேரத்தைவிடக் குறைவாக ஓடி முடிப்பது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்யலாம். ஆனால் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டினால் சிக்கல் வரும்.

அறநிதி ஓட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980-இல் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் போட்டியும் இல்லை, வெற்றியாளரும் இல்லை. கோலாலம்பூரிலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. கோயம்புத்தூர் மராத்தானை 2013 முதல் அங்குள்ள புற்றுநோய் அறக்கட்டளை நடத்துகிறது. அதில் நேரமும் உண்டு, நிதியும் உண்டு. 1981-இல் தொடங்கிய லண்டன் மராத்தானில் தொண்டு நிறுவனங்களுக்கென்றே இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் அந்த இடங்களில் ஓடுகிறார்கள்.

நிதியையும் நேரத்தையும் சேர்த்துத் துரத்தியவர்களில் ஃபௌஜா சிங்கை மறக்க முடியாது. 89 வயதில், 2000-ஆம் ஆண்டு லண்டனில், குறைமாதக் குழந்தைகளுக்கான பிளிஸ் அமைப்புக்காகத் தம் முதல் மராத்தானை ஓடினார். எடுத்த நேரம் 6 மணி 54 நிமிடம். மூன்று ஆண்டு கழித்து டொரோண்டோவில், 92 வயதில், 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைத்திருக்கிறார்! 2011-இல் 100 வயதில் அதே நகரில் ஓடியபோது 8 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதனால் அந்த ஓட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக எவரும் சொன்னதில்லை.

பணம் திரட்டும் முறை

பதிவுக் கட்டணம் முழுவதும் தொண்டுக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டை, பதக்கம், நேரம் பதியும் சில்லு, சாலைப் பாதுகாப்பு, ஆம்புலன்ஸ், குடிநீர் என்று அதில் பெரும்பகுதி செலவாகிவிடக்கூடும். எவ்வளவு தொண்டுக்குப் போகிறது என்று ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேட்பதில் தவறில்லை. உண்மையில் கைகொடுப்பது ஓடுகிறவர் தம் உறவினர், நண்பர், வேலையிடத்துத் தோழர்களிடம் பெறும் வாக்குறுதிப் பணம்தான். கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட் என்று 20 பேர் ஒப்புக்கொண்டால் 840 ரிங்கிட் ஆகிறது.

"நான்கரை மணி நேரத்தில் முடித்தால் 500 ரிங்கிட், இல்லையென்றால் இல்லை" என்று சிலர் உற்சாகத்தில் பந்தயம் கட்டுவார்கள். இதை ஏற்காமல் இருப்பது நல்லது. 35-ஆவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கும்போது, நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் போகவேண்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம் வரும். காயத்தோடு ஓடவைப்பது அந்த எண்ணம்தான். தொகை முன்கூட்டியே முடிவாகிவிட வேண்டும். நேரம் ஓடுகிறவரின் சொந்த ஆசையாக இருக்கட்டும்.

உண்டியல் ஏந்தித் தெருவிலோ வீடு வீடாகவோ பொதுமக்களிடம் திரட்டுவதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி தேவை. நல்ல காரியம்தானே என்று அனுமதி இல்லாமல் இறங்கிவிடக் கூடாது.

முதலில் உடல் பரிசோதனை

நம் சமூகத்துக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருப்பது தெரியவந்தது. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஓடும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்ந்தவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நீண்ட தூரம் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடித்த சிறிது நேரத்திலோ இதயம் நின்றிருந்தது. விகிதம் மிகச் சிறியது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அரை மராத்தானைவிட முழு மராத்தானில்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. இன்சுலின் போடுகிறவர்கள் அளவை மருத்துவரிடம் பேசி முடிவு செய்வதோடு, குளுக்கோஸ் மாத்திரையும் இடுப்புப் பையில் வைத்திருக்க வேண்டும்.

நேர இலக்கை எப்படி வைப்பது

மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். 5 மணி நேரத்தில் முடிக்க, ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. நான்கரை மணிக்கு 6 நிமிடம் 24 விநாடி. 4 மணிக்கு 5 நிமிடம் 41 விநாடி. கணக்கு இத்தனை சுலபமாக முடிந்துவிடாது. முறையாக அளக்கப்பட்ட பாதையில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டைத்தான் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கும், அதாவது சுமார் 42 மீட்டர், கூட்டுவார்கள். நாமோ கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்குச் சாய்ந்து, வளைந்து வளைந்து ஓடுகிறோம். முடிவுக்கோட்டில் கைக்கடிகாரம் 42.7 காட்டுவது சாதாரணம். ஆகவே 5 மணி நேரத்தைக் குறிவைப்பவர் கடிகாரத்தில் 7 நிமிட வேகத்தைப் பார்த்து ஓடவேண்டும். அந்த ஏழு விநாடி வித்தியாசம்தான் பலருக்குக் கடைசியில் கையை விட்டுப்போகிறது.

அடுத்தது வெக்கை. குளிர் நாடுகளில் சுமார் 10 பாகை வெப்பத்தில் ஓடுகிறவர்களின் அட்டவணையை இணையத்தில் எடுத்து இங்கே பொருத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பினாங்கில் நள்ளிரவிலும் வெப்பம் 25 பாகையை ஒட்டியே இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, உடல் குளிராது. இதனால்தான் பால மராத்தானின் முழுத் தூர ஓட்டம் அண்மைய ஆண்டுகளில் அதிகாலை 1.30 மணிக்கே தொடங்கியது. அந்தக் கணக்கில் 5 மணி நேரத்தில் முடிப்பவர் 6.30-க்கு, இருட்டிலேயே வந்துவிடுவார். ஆறரை மணி நேரம் எடுப்பவர் வெயிலைப் பார்த்துவிடுவார். மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் வெக்கையும் கூடுதலாகக் கிடைக்கிறது.

பாலமும் சமதளம் அல்ல. கப்பல் கடக்கும் நடுப்பகுதி கடல்மட்டத்திலிருந்து 33 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் ஏறவேண்டும். திரும்பும்போது வரும் ஏற்றம் முதல் ஏற்றத்தின் இரண்டு மடங்காகத் தெரியும். காரில் போகும்போது இந்த ஏற்றத்தை யாரும் கவனித்திருக்க மாட்டோம். அங்கே வேகத்தை விட்டுக்கொடுத்து மூச்சைச் சீராக வைத்துக்கொள்வதே லாபம்.

பயிற்சிக்கு 16 வாரமாவது வேண்டும். நாள்காட்டியைப் பார்த்தால் நம்மவர்களுக்கு இதில் சில தடங்கல்கள் உண்டு. டிசம்பர் ஓட்டத்துக்கு ஆகஸ்டில் தொடங்கினால், நடுவில் புரட்டாசி வரும். சைவம் மட்டும் உண்ணும் அந்த மாதத்தில்தான் ஓடும் தூரமும் கூடும். பருப்பு, கடலை, தௌஃபு, தெம்பே, முருங்கைக் கீரை என்று தட்டை நிரப்பினால் பிரச்சினை இல்லை. வெறும் சோறும் ரசமும் போதாது. பிறகு தீபாவளி. முறுக்கை விலக்கச் சொல்லும் துணிவு இந்தக் கட்டுரைக்கு இல்லை, நீண்ட ஓட்டத்தை மட்டும் முந்தின வாரமே முடித்துவிடுங்கள். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் ஓட வேண்டாம்.

1972 முதல் இயங்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பலருக்கு 12 மணி நேர ஷிஃப்ட். இரவு வேலை முடிந்த காலையில் 30 கிலோமீட்டர் ஓடுவது பயிற்சி ஆகாது, தண்டனை. அதை ஓய்வு நாளுக்கு மாற்றுங்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. மற்றவர்கள் தூக்கத்தோடு போராடும் 1.30 மணி, அவர்கள் உடம்புக்குப் பழகிய நேரம்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் கிடைக்கும். தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு சோடியம் அளவுக்குக் குறைவாக இருந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் ஓடி, வழியெல்லாம் குடித்து, எடை கூடி முடித்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும், உப்பும் சேரட்டும்.

சிறிய அறநிதி மராத்தான்களில் ஓடுவோர் இன்னும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதை முறையாக அளக்கப்பட்டதா? இல்லையென்றால் அங்கு எடுத்த நேரம் பாஸ்டன் போன்ற ஓட்டங்களின் தகுதிக்குச் செல்லாது. துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கா, தொடக்கக்கோட்டை மிதித்ததிலிருந்து கணக்கா? தண்ணீர் மேசைகள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று? வேகம் காட்டி ஓடும் வழிகாட்டிகள் அங்கே பெரும்பாலும் இருக்க மாட்டார்கள் என்பதால் கைக்கடிகாரமே துணை.

ஓட்டம் முடிந்த வாரத்திலேயே பணத்தை இல்லத்தில் சேர்த்துவிட்டு, கொடுத்தவர்களுக்குத் தொகையைத் தெரிவித்துவிடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருந்தால், தனிநபர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரையிலான நன்கொடைக்கு வரிக் கழிவு கோரலாம். அதற்கு ரசீது கொடுத்தவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஓடியவர் பெயரில் மொத்தமாக ஒரே ரசீது வாங்கிவிட்டால் மற்றவர்களுக்கு அந்தக் கழிவு கிடைக்காது. ஆகவே பணம் வாங்கும்போதே பெயர், அடையாள அட்டை எண், தொகை மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.